கனி யாருக்கு உரியது?

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், தர்மாவரத்தை நோக்கி ஒரு கிளை பிரியும் இடத்தில் அமைந்திருக்கிறது பாகாலா. 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில வட்டங்களையும் ஒன்றுசேர்த்துச் சித்தூர் மாவட்டம் வகுக்கப்பட்டது. அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் இங்கே பலர். அவர்களுள் நானும் ஒருவன். பாகாலாவை அடுத்த தாமலசெருவில் வேனில் முதிர்ந்ததும் மாங்காய்ச் சந்தை கூடும். கிளியின் அலகுபோல் நுனி வளைந்திருப்பதால் தமிழர் கிளிமூக்கு என்றும், வணிகர் தோத்தாபுரி என்றும் வழங்கும் காய் அங்கே மலைமலையாகக் குவியும். அதில் பெரும்பகுதி கடைத்தெருவுக்குப் போவதில்லை. கூழாக்கும் ஆலைகளுக்குப் போகிறது. மரத்தை வளர்த்தவன் விலையை நோக்கி நிற்பான். காயைத் தரம் பிரிக்கும் பெண் கூலியை நோக்கி நிற்பாள். சுவைக்கப் போகிறவரோ கடல் கடந்து எங்கோ இருப்பார்.

இக்காட்சியைக் கண்டு பழகியவனுக்குத் தமிழ்க் கவிதையில் கனி வரும் இடங்கள் வேறு விதமாகத் தோன்றுகின்றன. கவிதையில் கனி எதைக் குறிக்கிறது என்று கேட்டால், இனிமையை, முதிர்ச்சியை, இளமையின் செழிப்பை என்று விடை வரும். இதழுக்குக் கோவைக்கனி, சொல்லுக்குப் பலாச்சுளை என்று அடுக்கிய புலவர்களுக்கு நம் மொழியில் பஞ்சமில்லை. அவ்வடுக்குகளில் பல எனக்குச் சலிப்பையே தந்திருக்கின்றன. ஆனால் நம் பழம்புலவர் மெய்யாகவே நெஞ்சு நொந்து பாடிய இடங்களில் ஒரு கனி வருமாயின், அங்கே எழும் வினா சுவையைப் பற்றியதன்று. இக்கனி யாருக்கு உரியது? யார் உண்டார்? யார் உண்டிருக்க வேண்டும்? இவ்வினா ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ்க் கவிதையில் தொடர்ந்து வருவதை இங்கே காட்ட விரும்புகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு இது தவிர்க்க இயலாத பழக்கம். வடமொழியில் ‘பலம்’ என்னும் ஒரே சொல் மரத்தின் கனியையும் வினையின் பயனையும் குறிக்கிறது. நாம் அச்சொல்லைப் ‘பலன்’ என்று ஏற்றபோது பயன் என்னும் பொருளையே பெரிதும் எடுத்துக்கொண்டோம். மரத்தில் தொங்குவதற்குக் காய், கனி, பழம் என்னும் நம் சொற்களே போதியனவாக இருந்தன. தெலுங்கிலும் காய் என்பது காயவே. நம் பழத்திற்கு உறவான சொல் அங்கே பண்டு. காய்க்கும் பழத்திற்கும் இடையே இருக்கும் கோட்டை இவ்விரு மொழிகளும் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கலாம். அவ்வசதி சில சமயம் எத்துணைப் பெரிய இழப்பு என்பதை நன்னன் கதையில் காண்போம்.

அதற்கு முன் குறுந்தொகையின் எட்டாம் பாட்டு. பாடியவர் ஆலங்குடி வங்கனார். வயலோரத்து மாமரத்தில் முற்றிய கனி, தானே அற்று வீழ்கிறது. குளத்தில் வாழும் வாளைமீன் அதைக் கவ்விக் கொள்கிறது. மீன் மரம் ஏறவில்லை, கல்லெறியவில்லை, காவலும் இருக்கவில்லை. இது அந்த ஊரானைப் பற்றி அவனுடைய பரத்தை கூறும் பேச்சு. எம்மிடத்தில் இருக்கும்போது பெருமொழி பேசும் அவன், தன் வீட்டில் மனைவி சொன்னபடியெல்லாம் கண்ணாடிப் பாவைபோல் ஆடுகிறான் என்று அவள் எள்ளுகிறாள். கனி அவனா, வாளை அவளா என்று உரைகாரர் வகுத்துக்கொண்டு போகலாம். எனக்குப் பட்டது வேறு: முயலாதவர் வாயில் கனி வீழும் ஓர் ஊரை அப்பெண் காட்டுகிறாள். அவன் தானாக வந்து வீழ்ந்தவன். அவனை நான் வலிந்து இழுக்கவில்லை என்பது அவள் வழக்கு. உரிமை பற்றிய வழக்குத்தான் அது. நீதிமன்றம் மட்டும் இல்லை.

கபிலர் பாடிய பதினெட்டாம் பாட்டில் வழக்கு இன்னும் கூர்மையானது. தலைவன் நாட்டில் பலாமரங்கள் வேரிலேயே காய்க்கின்றன. மூங்கில் அவற்றுக்கு வேலியாக நிற்கிறது. நிலத்தைத் தொட்டுக் கிடக்கும் கனிக்கு வீழும் அச்சமில்லை. இங்கேயோ, தலைவியின் நிலை, மெல்லிய கொம்பில் தொங்கும் பெரும்பழத்தைப் போன்றது. அவளுடைய உயிர் அக்கொம்பு, காமம் அப்பழம். விரைந்து மணம் பேசு என்று தோழி நேராகச் சொல்லவில்லை. கொம்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பதை எண்ணிப் பார்க்குமாறு விட்டுவிடுகிறாள். கிரேக்க நாட்டுக் கவியரசி சாப்போ, எட்டாத உச்சிக் கொம்பில் பறிப்பாரின்றி நின்ற ஓர் ஆப்பிளைப் பாடியதாக ஒரு துணுக்கு எஞ்சியுள்ளது. இரண்டிலும் கொம்பும் கனியும் உண்டு. அங்கே கவலை பறிப்பவருடையது, அவர்கள் கைக்கு அது எட்டவில்லை; இங்கே கவலை கனியைத் தாங்கி நிற்கும் கொம்புடையது. குறுந்தொகையின் அருமை எனக்கு விளங்கத் தொடங்கியது இந்த வேறுபாட்டை உணர்ந்த பிறகே.

இனி நன்னன். குறுந்தொகை 292ஆம் பாட்டில் பரணர் சொல்லும் செய்தி இது. நீராடச் சென்றாள் ஓர் இளம்பெண். ஆற்றுநீர் ஒரு காயை அடித்துக்கொண்டு வந்தது. அவள் எடுத்துத் தின்றாள். அது நன்னனது காவல் மரத்தின் காய். குற்றத்திற்கு ஈடாக எண்பத்தொரு யானைகளையும், அவளுடைய எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையையும் தருவதாக அவள் தரப்பினர் முன்வந்தனர். நன்னன் கொள்ளவில்லை, அவளைக் கொன்றான்.

கவனியுங்கள்: பரணர் சொல்வது கனியை அன்று, பசுமை மாறாத காயை. இன்னும் பழுக்காத, ஒருவேளை புளித்திருக்கக்கூடிய ஒரு காய்க்காக ஓர் உயிர் போயிற்று. அதை அவள் பறிக்கவுமில்லை. மரத்தின் அருகிலும் அவள் இல்லை. நீர் கொண்டுவந்து கொடுத்தது. கனி என்றும் பழம் என்றும் பொதுப்பட மொழிபெயர்த்தால் இக்கொடுமையின் பாதி மறைந்துபோம். கல்லூரியில் இப்பாட்டை முதன்முதல் படித்த நாளில், யானைகளின் எண்ணிக்கையைக் கேட்டு வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அடுத்த அடி படிக்கப்பட்டதும் சிரிப்பு நின்றது. எண்பத்தொன்று என்னும் எண் மிகையாக இருக்கலாம். ஆனால் புலவர் அந்த எண்ணைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் ஒரு பசுங்காயை வைத்திருக்கிறார் என்பதைக் காண வேண்டும்.

இதைச் சொல்பவள் ஒரு தோழி. இரவு முழுதும் உறங்காமல் மகளைக் காவல் காக்கும் தாயை நொந்து, பெண்கொலை செய்த நன்னன் புகுந்த நரகத்தில் இவளும் புகுக என்கிறாள். ஒரு குடும்பத்துச் சிறு மனத்தாங்கலுக்கு அரசனின் கொடுமையை உவமையாக இழுத்தது மிகை என்று தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மகளைக் காவல்மரமாக எண்ணும் தாயும், மரத்தை மகளினும் பெரிதாக எண்ணிய மன்னனும் ஒரே நோயால் பிடிக்கப்பட்டவர்கள் என்பது பரணர் கருத்து. அதே பரணர் வேறொரு பாட்டில், பின்னாளில் கோசர் அந்த நன்னனது மாமரத்தை வெட்டி வீழ்த்திய செய்தியையும் குறித்து வைத்திருக்கிறார். நன்னன் மரபில் வந்தவன் என்பதனால் இளவிச்சிக்கோவைத் தழுவாது நின்றார் பெருந்தலைச் சாத்தனார். பாடி வருவோருக்குக் கதவடைத்த குடி அது என்பது புறநானூற்றில் அவர் கூறும் காரணம். பழியைப் புலவர்கள் தலைமுறை கடந்தும் சுமந்து சென்றார்கள்.

பரணரின் இன்னொரு கனியும் உண்டு. ஆற்றங்கரை அத்திமரத்திலிருந்து வீழ்ந்த ஒரு பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைக்கின்றன. ஊரார் நாக்குகளுக்கு இடையே அகப்பட்ட பெண்ணின் நிலைக்கு அது உவமை. அப்பழம் ஒருவருக்கும் உணவாகவில்லை. அலர் தூற்றியவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. அத்திப்பழத்தின் அழகிய புறத்தையும் புழு நிறைந்த அகத்தையும் வைத்து வேமனர் தெலுங்கில் பாடியது இப்பக்கத்துப் பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் படித்ததுதான்; கடப்பையில் பணிபுரிந்த சி. பி. பிரௌன் அப்பாடல்களைத் திரட்டி 1829இல் அச்சேற்றினார். வேமனர் பழத்தின் உள்ளே பார்த்தார். பரணர் பழத்தை மிதிப்பவரைப் பார்த்தார்.

ஆறு கொண்டுவந்த காய்க்கு எல்லை தெரியாது. 2025 ஜூன் மாதத்தில், விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தபோது, அயல்மாநிலத்துத் தோத்தாபுரி உள்ளே வரலாகாது என்று சித்தூர் மாவட்ட நிருவாகம் தடை விதித்தது. கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று விலை வகுத்து, அதில் எட்டை ஆலைகளும் நான்கை அரசும் தருவதென ஆந்திர அரசு முடிவு செய்தது. நன்னன் காலத்தை இக்காலத்தின்மேல் ஏற்றிப் பேசுவது என் நோக்கமன்று. தன் நிலத்து உழவனைக் காக்க எடுத்த முடிவுக்கும் ஒரு பெண்ணைக் கொன்ற வெறிக்கும் ஒப்புமை இல்லை. ஆயினும், வண்டியில் ஏற்றிய மாங்காய் எந்த மண்ணில் காய்த்தது என்று வழியில் நிறுத்திக் கேட்கும் நாளில், பரணரை வாசித்தவன் அப்பாட்டை நினையாமல் இருப்பது அரிது.

திருவள்ளுவர் இவ்வினாவை ஒரு மரத்தின் மேலேயே ஏற்றி வைத்தார். ஈகையுள்ளம் உடையவனிடம் செல்வம் சேர்வது, பயன்படும் மரம் ஊரின் நடுவே பழுத்ததற்கு ஒப்பு என்று ஒப்புரவறிதலில் கூறுகிறார். பிறரால் விரும்பப்படாதவனுடைய செல்வம் ஊர் நடுவே நச்சுமரம் பழுத்ததற்கு ஒப்பு என்று நன்றியில்செல்வத்தில் கூறுகிறார். மரம் இருக்கும் இடம் ஒன்று, பழுத்தலும் ஒன்று, கைநீட்டுபவனுக்கு நேர்வது வேறு. இவ்விரண்டு குறள்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் வழக்கம் பள்ளிகளில் இருந்தால் நன்றாக இருக்கும்.

அதியமான் அவ்வைக்கு ஈந்த நெல்லியைப் பற்றி அனைவரும் அறிவர். ஆகவே ஒன்று மட்டும்: அதன் பயனை அவன் முன்னரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவ்வை பெற்றுக்கொண்டிருப்பாரா என்பது ஐயமே. சாவை நீக்கும் கனியென்று அறிந்தும், அதை வாய்க்குள் அடக்கிய மௌனத்தோடு கைமாற்றியவனைத்தான் புறநானூறு வாழ்த்துகிறது. ஆட்சியாளன் தன்னுடையதைத் தன்னுடையதன்று என்று கருதிய அருமையான கணம் அது. நன்னனுடைய காய்க்கு நேரெதிரே வைக்கத்தக்க கனி வேறில்லை.

மேலை நாட்டில் கனிக்கு நேர்ந்த கதை வேறு. விவிலியத்தின் ஆதியாகமத்தில் விலக்கப்பட்ட கனிக்குப் பெயரே இல்லை. அது ஆப்பிள் என்பது பிற்கால வழக்கு. இலத்தீனில் தீமையைக் குறிக்கும் சொல்லும் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் ஒத்திருந்தமை அவ்வழக்குக்குத் துணைசெய்தது என்பர். கிரேக்கக் கதையில் மாதுளைமணியைத் தின்றதனால் பெர்செபொனே ஆண்டில் ஒரு பகுதியைக் கீழுலகில் கழிக்க நேர்ந்தது. அங்கே உண்டவர் தண்டிக்கப்பட்டார். கனி அப்படியே குற்றத்தின் சின்னமாக நின்றுவிட்டது. நம்மவர், உண்டவரைத் தண்டித்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்.

சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் இவ்வினா ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. காரைக்கால் வணிகன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசித்து வந்த சிவனடியாருக்குப் புனிதவதியார் அவற்றுள் ஒன்றைப் படைக்கிறார். கணவன் ஒன்றை உண்டு, சுவை மிகுதியால் மற்றதையும் கேட்கிறான். அவர் இறைவனை நினைக்க, ஒரு கனி கைக்கு வருகிறது. அதன் சுவை வேறு என்று கண்ட கணவன் எங்கே பெற்றாய் என்று வினவ, அவர் உண்மையைச் சொல்கிறார். அப்படியானால் இன்னொன்று பெற்றுக் காட்டு என்கிறான். வந்தது, அவன் கையில் வைத்தார், வைத்தவுடன் மறைந்தது.

பக்தியோடு படிப்பவர் இங்கே அருளைக் காண்பர், அது தக்கதே. வரலாற்றுக் கண்ணோடு படித்தால் வேறொன்றும் தெரிகிறது. கணவனின் பொருளில் மனைவி தன் விருப்பப்படி ஈயலாமா என்பது அவ்வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத வினா. பரமதத்தன் கோபிக்கவில்லை, கணக்குக் கேட்டான், வணிகன் அல்லனோ. முதற்கனி அவனுடையது, இரண்டாவது அவனுடையதன்று, மூன்றாவது அவனுக்குத் தங்கவேயில்லை. அஞ்சிய அவன் கப்பலேறிச் சென்று, பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே இட்டான். சுற்றத்தார் அம்மையை அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு வந்து அடியில் வீழ்ந்தான். கணவனுக்காகத் தாங்கியிருந்த அழகுடம்பு இனி எதற்கு என்று அம்மையார் அதை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார். மாங்கனியில் தொடங்கிய உரிமை வழக்கு உடம்புவரை சென்று முடிந்தது.

இதில் நான் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. அம்மையார் தாமே பாடிய அற்புதத் திருவந்தாதியிலும் மற்றப் பாடல்களிலும் மாம்பழச் செய்தி இல்லை. சுடுகாடும் பேயும் நெருப்பும் நிறைந்த பாடல்கள் அவை. கனியை அவர் வாழ்வில் ஏற்றிச் சொன்னது பல நூற்றாண்டு கழித்து வந்த சேக்கிழாரின் வாக்கு. காரைக்காலில் ஆனித் திங்கள் முழுநிலா நாளில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. கூட்டத்தின்மேல் மாம்பழங்களை வாரி இறைக்கின்றனர். யார் கைக்கு எது கிட்டினும் அது அவருடையது. அம்மையார் ஆடல் கண்டு அடியில் அமர்ந்த திருவாலங்காடோ, திருத்தணி வட்டத்தோடு 1960 வரை எங்கள் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எல்லைப் பிணக்குத் தீர்ந்த அவ்வாண்டில் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. மாம்பழ மாவட்டம் மாங்கனி அம்மையாரின் ஊரை அவ்வாறு இழந்தது என்று தமிழாசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

எஞ்சியிருப்பது பாரதத்து நெல்லி. வில்லிபுத்தூராழ்வார் பாரதத்தில், ஆரணிய பருவத்தில், பழம் பொருந்து சருக்கம் என்றொரு பகுதி இருக்கிறது. வியாசரின் வடமொழி நூலில் இக்கதை இல்லை. காட்டில் ஒரு நெல்லிக்கனியைக் கண்டு திரௌபதி விரும்ப, அருச்சுனன் அம்பெய்து வீழ்த்தித் தருகிறான். அதற்குப் பிறகே தெரிகிறது, அது அமித்திரர் என்னும் முனிவருக்கு உரிய உணவு என்று. தவத்தினின்று எழுந்து அவர் கனியைத் தேடினால் சாபம் தப்பாது. கலங்கிய பாண்டவர் கண்ணனை நினைக்க, அவன் வந்து ஒரு வழி கூறுகிறான்: நீங்கள் ஒவ்வொருவரும் உள்ளத்தில் இருப்பதை ஒளியாது சொல்லுங்கள்; கனி கொம்பிலே பொருந்தும்.

சித்தூரிலும் வட ஆர்க்காட்டிலும் திரௌபதியம்மன் கோயில்களிலும் தருமராசர் கோயில்களிலும் வேனிற்காலத்தில் பாரதம் படித்துக் கூத்தும் நடத்துவது நெடுநாளைய வழக்கு. தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே பந்தலில் விடிய விடிய அமர்ந்திருப்பர். மராட்டிய நாட்டில் இதே கதையை நாவற்பழத்தை வைத்துச் சொல்கிறார்கள். அங்கே திரௌபதியின் மனத்தில் இருந்தவன் கர்ணன். வில்லியார் பெயர் சொல்லவில்லை. தருமனும் தம்பியரும் அறம், மானம், பிறர்மனை நயவாமை என்று தத்தம் நெஞ்சைத் திறந்து கூறி முடித்த பின், அவையோர் அனைவரின் கண்ணும் அவள்மேல் திரும்புகிறது.

ஐந்து பொறிகள் போல் ஐவர் கணவராக இருந்தும், இன்னும் ஒருவன் வேண்டும் என்று என் நெஞ்சம் உருகுகிறது என்றாள்.

வில்லியார் அவளை இழித்து ஒரு சொல் சொல்லவில்லை. ஐவரும் ஒன்றும் கூறவில்லை. பிறருக்குரிய கனியை வீழ்த்திய குற்றத்திற்கு ஈடாகப் பொன்னும் யானையும் இங்கே கேட்கப்படவில்லை. தாம் வெளியிட அஞ்சியதை வெளியிடுவதே ஈடு. அதை முழுமையாகச் செலுத்தியவள், ஐவரினும் மிகுதியாக இழக்கக்கூடியவளாகிய திரௌபதி. நெல்லிக்கனி தன் கொம்பிலே சென்று பொருந்தியது. முனிவர் அதை உண்ணும் காட்சி என் மனத்தில் நிற்கவில்லை. விரும்பியவளே உண்ணாமல் திருப்பிக் கொடுத்த கனியாகவே அது நிற்கிறது.